அக்குள் பாக்டீரியா புது இனமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

மைக்ரோபயாலஜி நண்பர்களே, ஒரு உதவி. ப்ராஜெக்டுக்காக அக்குளில் ஸ்வாப் எடுத்து வளர்த்ததில் குண்டூசி முனை அளவுக்கு வறண்ட வெள்ளைக் காலனி ஒன்று வந்தது, ட்வீன் 80 (கொழுப்பு அமிலம் தரும் ஒரு பொருள்) கலந்த தட்டில்தான் ஒழுங்காக வளர்கிறது, கொழுப்புப் பிரியன் போல. 16எஸ் (பாக்டீரியாவை அடையாளம் காண உதவும் மரபணு) வரிசைப்படி கோரினிபாக்டீரியம் பேரினம்தான், ஆனால் மிக நெருங்கிய டைப் ஸ்ட்ரெயினோடுகூட (ஓர் இனத்துக்கு அடையாள மாதிரியாக வைத்திருக்கும் கல்ச்சர்) 98.1% தான் ஒத்துப்போகிறது. 98.7-க்குக் கீழே என்றால் புது இனமாக இருக்கலாமாம். கைடு "இது போதும், பெயர் வைத்துவிடு" என்கிறார், எனக்கு மனசு ஒப்பவில்லை. முழு ஜீனோமில் ஏஎன்ஐ (இரண்டு ஜீனோம்களின் சராசரி ஒற்றுமை) 95-96%-க்குக் கீழே வந்தால்தானே பேச முடியும்? அந்த ஜீனோமைப் படிக்க இல்லுமினா (சிறு துண்டுகளாகப் படிக்கும் முறை) மட்டும் போதுமா, நானோபோரும் (நீளத் துண்டுகளாகப் படிக்கும் முறை) வேண்டுமா? அப்புறம், புது இனத்துக்குப் பெயர் வைக்க இரண்டு வெவ்வேறு நாட்டுச் சேகரிப்பு மையங்களில் கல்ச்சரை ஒப்படைக்க வேண்டுமே, சண்டிகர் எம்டிசிசிக்கும் ஜெர்மனி டிஎஸ்எம்இசட்டுக்கும் அனுப்பியவர்கள் யாராவது இருந்தால் எவ்வளவு நாள் ஆனது, என்னென்ன பேப்பர் கேட்டார்கள் என்று சொல்லுங்கள்.