நமக்கில்லாத பண்டிகைக்கு வாழ்த்து வந்தால் என்ன சொல்வீர்கள்? உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

நான் எந்த மதப் பண்டிகையும் கொண்டாடுவதில்லை. வேலையோ தொலைபேசியில் வாடிக்கையாளர் சேவை. டிசம்பர் கடைசி வாரம் வந்தாலே, பேசுகிற முக்கால்வாசிப் பேர் "மெர்ரி கிறிஸ்மஸ்" சொல்லித்தான் போனை வைப்பார்கள். பக்கத்து இருக்கைக்காரர் விடமாட்டார். "நான் கிறிஸ்தவன் இல்லைங்க" என்று ஒவ்வொருவரிடமும் விளக்குவார். மறுமுனையில் பேச்சு நின்றுவிடும், அப்புறம் "ஓ, மன்னிக்கணும்" என்பார்கள். எதற்கு மன்னிப்பு? அவர்கள் செய்த தப்புதான் என்ன?

நான் "நன்றிங்க, உங்களுக்கும் நல்லபடியா அமையட்டும்" என்று சொல்லிவிடுவேன். அதனால் என் கொள்கை ஒன்றும் கரைந்துபோகவில்லை. ஒரு முறை, பணம் திரும்ப வரவில்லை என்ற கோபத்தில் ஓர் அம்மா என்னைக் கிழித்துத் தொங்கவிட்டார். வைக்கப்போகும்போது குரல் இறங்கியது. "சரிப்பா, நீயும் லீவு இல்லாம உட்கார்ந்திருக்க. ஹேப்பி கிறிஸ்மஸ்" என்றார். என் மதம் என்ன என்று அவர் யோசித்திருக்கவே மாட்டார்.

மறுமொழி:
என் கதை வேறு மாதிரி. எனக்கு என் பண்டிகைக்கே வாழ்த்து வரும், ஆனால் தேதி தப்பி. நோன்பு ஆரம்பிக்கும் அன்றே "ஈத் முபாரக்" சொல்பவர்கள் உண்டு. அதற்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது! அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. எங்கள் ஆண்டு நிலாக் கணக்கு, சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவு. 2030இல் ஜனவரியில் ஒரு ரமலான் ஆரம்பிக்கும், டிசம்பர் கடைசியில் இன்னொன்று. எங்களுக்கே தலை சுற்றும்.

முன்பு வேலை பார்த்த இடத்தில் மேலாளர் அம்மா, காலண்டரைப் பார்த்துவிட்டுக் காலையிலேயே வந்து கைகொடுத்தார். முந்தின இரவு பிறை தெரியவில்லை, நான் நோன்போடு உட்கார்ந்திருக்கிறேன். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். யாரோ அவரிடம் விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் விடுமுறையில் இருந்த எனக்குப் போன் செய்து, "நேத்து சொன்னது செல்லாதாமே, இந்தாங்க மறுபடியும்" என்றார். சரியான தேதியில் வந்த எந்த வாழ்த்தும் எனக்கு இந்த அளவுக்கு நினைவில் இல்லை.

மறுமொழி:
எல்லாவற்றையும் இப்படிச் சிரித்துக்கொண்டே வாங்க முடியவில்லை என்னால். "ஹேப்பி குட் ஃப்ரைடே" என்று பூப்படத்தோடு வருடா வருடம் ஒருவர் அனுப்புகிறார். இயேசு சிலுவையில் மாண்ட நாள் அது. யூதர்கள் பாவமன்னிப்பு வேண்டி நோன்பிருக்கும் யோம் கிப்பூர், ஷியா முஸ்லிம்கள் துக்கம் காக்கும் ஆஷூரா, இவையும் கொண்டாட்ட நாட்கள் அல்ல. கேட்டுவிட்டு அனுப்பலாமே? ஆனாலும் அவரிடம் சண்டை போட்டதில்லை. "நன்றி, ஞாயிற்றுக்கிழமை ஈஸ்டருக்குச் சேர்த்து வைத்துக்கொள்கிறேன்" என்று எழுதுவேன். பேர்கூடப் போடாமல் மொத்தமாகத் தட்டிவிடும் படங்களுக்குப் பதிலே போடுவதில்லை, அது வேறு விஷயம்.

பதிவிட்டவர்:
ஆமாம், அந்தப் பூப்படம் எனக்கும் வரும் :) "பக்தி உள்ளவன் அடுத்த மதத்துப் பண்டிகைக்கு வாழ்த்துச் சொல்லலாமா" என்று தனிச்செய்தியில் கேட்டவருக்கு: வத்திகானே 1967 முதல் ரமலானையொட்டி முஸ்லிம்களுக்கு வாழ்த்து அனுப்பிவருகிறது. தீபாவளிக்கு இந்துக்களுக்கும் அனுப்புகிறது.

மறுமொழி:
நாங்கள் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். கிறிஸ்மஸ், ஈஸ்டர் மட்டுமல்ல, பிறந்தநாள்கூடக் கொண்டாடுவதில்லை. வாழ்த்து வந்தால் "நினைச்சுக்கிட்டதுக்கு நன்றி" என்பேன். பெரும்பாலானவர்களுக்கு அது போதும். சிலருக்குப் போதாது. "திருப்பிச் சொல்லுங்க பார்ப்போம்" என்று வழியை மறித்து நிற்பார்கள். வாழ்த்தை நல்ல மனதோடு வாங்கச் சொல்கிறீர்கள், சரி, வாங்குகிறேன். திருப்பிச் சொல்லாதவனையும் அதே மனதோடு விடுங்கள். எங்கள் அலுவலகக் காவலாளி அதில் கெட்டிக்காரர். என்னிடம் மட்டும், "லீவு நல்லா போகட்டும் சார்" என்பார். அதற்கு நானும் தாராளமாகத் திருப்பிச் சொல்வேன்.