பெர்குசன் துப்பாக்கி: நாலாவது குண்டோடு மரை இறுகிவிடுகிறது, உதவி தேவை

கேள்வி:
வணக்கம். நான் பென்சில்வேனியாவில் இருக்கிறேன். பிராண்டிவைன் போர்க்களம் வீட்டிலிருந்து அரை மணி நேரம். அமெரிக்கச் சுதந்திரப் போரில், 1777 செப்டம்பர் 11 அன்று, பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி பாட்ரிக் பெர்குசன் முழங்கையில் குண்டடி பட்ட களம் அது. அந்த ஈர்ப்பில்தான் அவர் வடிவமைத்த துப்பாக்கியின் நகல் ஒன்றைப் போன வருடம் வாங்கினேன்.

தெரியாதவர்களுக்காக: சக்கிமுக்கிக் கல்லால் தீப்பிடிக்கும் துப்பாக்கிதான், ஆனால் வாய்வழியாகக் கோல் விட்டு இடிக்க வேண்டியதில்லை. விசையைச் சுற்றியிருக்கும் வளையத்தையே (விசைக்காப்பு) கைப்பிடியாகப் பிடித்துச் சுற்றினால், குழலின் அடியில் செங்குத்தாக நிற்கும் தடித்த மரையாணி இறங்கி மேலே வாய் திறக்கும். குண்டைப் போட்டு, பின்னால் வெடிமருந்தைக் கொட்டி, திருப்பிச் சுற்றினால் மூடிக்கொள்ளும்.

முதல் மூன்று குண்டுக்கு அருமையாகச் சுற்றுகிறது. நாலாவதுக்குப் பிறகு அசையவே மாட்டேன் என்கிறது. தையல் மெஷின் எண்ணெய் விட்டேன், இன்னும் மோசமானது. போன வாரம் பொறுக்காமல் மரச்சுத்தியால் கைப்பிடியைத் தட்டினேன். இப்போது விசைப்பூட்டுக்கு (கல்லை அடித்துத் தீப்பொறி எழுப்பும் பொறி) கீழே துப்பாக்கியின் மரக்கட்டையில் மயிரிழை அளவு விரிசல் தெரிகிறது. மனசே ஆறவில்லை.

பதில் 1 (லேத் பட்டறைக்காரர்):
முதலில் ஒன்று பாருங்கள். முழுக்கத் திறக்க எத்தனை சுற்று ஆகிறது? அசலில் ஒரே சுற்று. சாதாரண போல்ட்டில் ஒரு மரைதான் சுற்றிச் சுற்றி ஓடும். இதில் பத்துப் பன்னிரண்டு மரைகள் அருகருகே தொடங்கிச் சாய்வாக இறங்கும். அதனால்தான் ஒரே சுற்றில் அத்தனை தூரம் இறங்குகிறது. கையால் அரம் பிடித்த காலத்தில் ஆணியையும் துளையையும் இப்படி இழைத்துப் பொருத்தியிருக்கிறார்கள். லேத்தில் நிற்கிற எனக்கு நினைக்கும்போதே மலைப்பாக இருக்கிறது. நகலில் இந்தச் சாய்வைத் தவறாக வெட்டிவிட்டால் நாலு குண்டிலேயே சிக்கும்.

கேட்டவர்:
ஒரே சுற்றுதான் அண்ணே. எண்ணிப் பார்த்துவிட்டேன்.

பதில் 2:
அப்படியானால் மரையில் குறையில்லை, எண்ணெய்தான் கெடுத்திருக்கிறது. கருமருந்துக் கசடோடு பெட்ரோலிய எண்ணெய் சேர்ந்தால் தார் மாதிரி ஆகிவிடும். மாட்டுக் கொழுப்பும் தேன்மெழுகும் உருக்கித் தடவுங்கள். நான் சரிபாதி கலக்கிறேன், குளிர்காலத்தில் மெழுகைக் குறைப்பேன். 1776-இல் இங்கிலாந்தின் வூல்விச்சில் மழையும் காற்றுமாக இருந்த நாளில் பெர்குசன் நிமிடத்துக்கு 4 குண்டு வீதம் சுட்டுக்காட்டினார். மரை இறுகியிருந்தால் அது நடந்திருக்காது.

துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று உறுதிசெய்துவிட்டு ஆணியைக் கழற்றி, கொதிக்கும் வெந்நீரில் கழுவுங்கள். ஆணியில் நெடுக்காக வெட்டிய பள்ளங்கள் இருக்கும். கசடு ஒதுங்கத்தான் அவை. குச்சியால் சுரண்டிப் பாருங்கள்.

பதில் 3 (மரவேலை செய்பவர்):
தம்பி, விரிசலைச் சரிசெய்யும் வரை தயவுசெய்து சுடாதீர்கள். அது உங்கள் சுத்தியால் மட்டும் வந்ததல்ல. ஆணி இறங்கக் கட்டையிலும் துளை, பக்கத்தில் பூட்டுக்கு ஒரு குழி. நடுவில் மிஞ்சுவது மெல்லிய மரம். ராணுவத்துக்குச் செய்ததே சுமார் 100 துப்பாக்கிகள்தான். அதில் தப்பிய ஒன்று நியூஜெர்சியின் மாரிஸ்டவுன் தேசிய வரலாற்றுப் பூங்காவில் இருக்கிறது. அதன் பூட்டுக்கடியில் லாட வடிவத்தில் இரும்புத் தகடு வைத்து ஒட்டுப்போட்டிருக்கிறார்கள். அந்தக் கால வேலை அது.

கேட்டவர்:
எல்லோருக்கும் நன்றி. நேற்று ஆணியைக் கழற்றினேன். நெடுக்குப் பள்ளங்கள் கரியால் நிரம்பி, பள்ளம் இருந்த அடையாளமே இல்லை. மூன்று தடவை வெந்நீர் மாற்றியபிறகுதான் இரும்பு தெரிந்தது. கொழுப்பும் மெழுகும் தடவி மாட்டினேன், இப்போது இரண்டு விரலால் சுற்றுகிறது. கட்டையை மரவேலைக்காரரிடம் கொடுத்திருக்கிறேன், மாரிஸ்டவுன் துப்பாக்கி மாதிரியே லாடத் தகடு போடச் சொல்லி. அடுத்த சனிக்கிழமை நேரில் போய் அசலைப் பார்த்துவிட்டு வருகிறேன்.