விண்டோப் பொத்தானை ஆர் வரையிறது: செயலியோ, டெஸ்க்ரொப்போ?

தட்டிவான்:
யாழ்ப்பாணப் பள்ளிக்கூடங்களுக்கான புள்ளிப்பதிவுச் செயலி, விண்டோக்களைக் கட்டுற கியூட்டி 6 நிரல்தொகுப்பிலை எழுதினது. அலுவலகத்திலை உபுண்டு லினக்ஸ், ஆய்வுகூடத்துப் பழைய கணினியளிலை எக்ஸ்எஃப்சிஈ எண்ட டெஸ்க்ரொப். உபுண்டுவிலை மூண்டு பொத்தான். ஒண்டும் மாத்தாத க்னோமிலை (உபுண்டு மாத்திப் பாவிக்கிற டெஸ்க்ரொப்) மூடுறது மட்டும். எலிமென்டரி எண்ட இன்னொரு லினக்ஸிலை மூடுறது இடப்பக்கம், பெரிசாக்கிறது வலப்பக்கம். ஆசிரியர் கையேட்டிலை "மேல் மூலையில் உள்ள பொத்தானை அழுத்தவும்" எண்டு ஒரு வசனம் எழுதேலாமல் கிடக்கு. டெஸ்க்ரொப் போடுற விண்டோச் சட்டகத்தை எடுத்துப்போட்டுத் தலைப்புப்பட்டையை நாங்களே வரையிறதுதான் சரி.

பனங்கூடல்:
சரியில்லை. அதே ஆசிரியை லிப்ரே ஆபிஸையும் திறப்பா, அங்கை பொத்தான் பழைய இடத்திலைதான் இருக்கும். உங்கடை செயலி மட்டும் தனிச்சு நிக்கும்.

சட்டகத்தை எடுத்தால் ஓரத்தைப் பிடிச்சு இழுக்கிறது, நிழல், வலது கிளிக் மெனுவிலை இருக்கிற "எப்பவும் மேலே" எல்லாம் போகும். எக்ஸ்எஃப்சிஈயிலை பட்டைக்கு மேலை மவுஸ் சில்லை உருட்டினால் விண்டோ சுருளும், அதுவும் போகும். எல்லாத்தையும் விடப் பெரிசு இது: செயலியின்ரை முதன்மை இழை (திரையையும் அழுத்தங்களையும் கவனிக்கிற ஓட்டம்) தரவுத்தளத்துக்குக் காத்துச் சிக்கினால் நீங்கள் வரைஞ்ச மூடும் பொத்தான் செத்துப்போகும். விண்டோ மேலாளர் (விண்டோக்களைக் கையாளுற டெஸ்க்ரொப்பின்ரை நிரல்) வரைஞ்சது அப்பவும் அழுத்தத்தை வாங்கும், செயலி உயிரோடை இருக்கோ எண்டு பாக்கிற பிங்குக்குப் பதில் வராட்டி வலுக்கட்டாயமாய் நிறுத்தவோ எண்டு கேக்கும்.

தட்டிவான்:
டெஸ்க்ரொப்பிட்டை விடச் சொல்லுறியள், ஆனால் வேலாண்டிலை (விண்டோக்களைத் திரைக்குக் கொண்டுவாற புதிய முறை, பழையது எக்ஸ்11) க்னோம் பட்டையே வரையிறேல்லை. கேடிஈ டெஸ்க்ரொப்பின்ரை விண்டோ மேலாளர் கேவின், பட்டையை ஆர் வரையிறதெண்டு செயலியோடை பேசுற எக்ஸ்டிஜி டெக்கரேஷன் நெறிமுறையாலை "நான் வரையிறன்" எண்டு சொல்லும். க்னோமின்ரை விண்டோ மேலாளர் மட்டரிலை அந்த நெறிமுறையே இல்லை. கியூட்டி தன்ரை பாட்டிலை ஒரு பட்டையை வரையுது, பக்கத்து விண்டோவோடை அது ஒட்டுறேல்லை. ஆகவே வரையிறது எப்பிடியும் செயலிதான்.

கீரிமலைக்காத்து:
வரையிறதெண்டால் ஒண்டு கவனியுங்கோ. மவுஸ் நகர நகர, விண்டோவை நகர்த்த மூவ் எண்ட கட்டளையைக் கூப்பிடுற பழைய முறை எக்ஸ்11இலை ஓடும், வேலாண்டிலை அசையாது. விண்டோ திரையிலை எங்கை நிக்குதெண்டு செயலிக்கு அங்கை தெரியாது. பட்டையிலை மவுஸ் பொத்தானை அமத்தின உடனை, நகர்த்திறதை டெஸ்க்ரொப்பிட்டை விடுற ஸ்டார்ட்சிஸ்டம்மூவ் கூப்பிட வேணும் (கியூட்டி 5.15 இலிருந்து இருக்கு). ஓரங்களிலை 6 தொடக்கம் 8 பிக்சல் விட்டு, அளவு மாத்த ஸ்டார்ட்சிஸ்டம்ரீசைஸ். பெரிசாக்கின நிலையிலை அந்த ஓரத்தை நிப்பாட்டாட்டி மூலைப் பொத்தானை அழுத்தப்போய் இழுவைதான் தொடங்கும்.

பனங்கூடல்:
அதோடை பயனரின்ரை பொத்தான் ஒழுங்கையும் வாசிக்க வேணும். க்னோம் அதைப் "பட்டன்-லேஅவுட்" எண்ட விசையிலை வைச்சிருக்கு, முக்காற்புள்ளிக்கு முன்னாலை உள்ளது இடப்பக்கம். எக்ஸ்எஃப்சிஈயின்ரை விண்டோ மேலாளர் எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4 தன்ரை பாட்டிலை ஒற்றை எழுத்துகளும் நடுவிலை ஒரு நிலைக்கோடும் வைச்சிருக்கு. இரண்டையும் ஆர் எழுதிப் பராமரிக்கிறது? க்னோம் செயலியள் பாவிக்கிற ஜிடிகே நிரல்தொகுப்பின்ரை தலைப்புப்பட்டை ஹெடர்பாராவது க்னோமின்ரை ஒழுங்கைத் தானே எடுக்கும். பட்டையிலை தேடல் பெட்டியும் சேமிக்கிற பொத்தானும் போட்டால், 1366 பிக்சல் திரையிலை விண்டோவைக் கொஞ்சம் ஒடுக்கின உடனை "தரம் 10 – இரண்டாம் தவணை – கணிதம்" பாதியிலை வெட்டுப்படும், எந்தப் பாடமெண்டு தெரியாமல் புள்ளி போடுவினம்.

கையேட்டுக்குக் கோப்பு மெனுவிலை "மூடு" வையுங்கோ. அது எந்த டெஸ்க்ரொப்பிலையும் ஒரே இடம்.

தட்டிவான்:
கையேட்டுக்கு அது காணும். க்னோமிலை ஒட்டாத பட்டைக்கு என்ன விடை?

கீரிமலைக்காத்து:
கியூட்டிக்கான அட்வைட்டா (க்னோமின்ரை தோற்றப் பாணி) அலங்காரச் செருகலை நிறுவுங்கோ. செயலியின்ரை .டெஸ்க்ரொப் கோப்பிலை (மெனுவிலையிருந்து செயலியைத் திறக்கிற கோப்பு), ஓட்டுற கட்டளைக்கு முன்னாலை கியூட்டி வேலாண்ட் டெக்கரேஷன் எண்ட சூழல் மாறிக்கு "அட்வைட்டா" எண்டு குடுங்கோ. பட்டை க்னோமின்ரை தோற்றத்துக்கு வரும். ஆய்வுகூடத்து எக்ஸ்எஃப்சிஈ எக்ஸ்11இலை ஓடுறதாலை அந்த மாறி அங்கை ஒண்டும் செய்யாது, எல்லாக் கணினிக்கும் அந்த ஒரே கோப்பைக் குடுக்கலாம்.