ஊசி குத்தியதைக் கை தூக்கிச் சொல்லச் சொன்னால் யாரும் சொல்வதில்லை: பெயரில்லா வாக்கெடுப்பு உதவுமா?

தொற்றுத்தடுப்பு_நெல்லை:
திருநெல்வேலியில் ஒரு தனியார் மருத்துவமனையில் தொற்றுத் தடுப்பு நர்ஸாக இருக்கிறேன். வார்டு சிஸ்டர்களுக்கு மாதாந்திர வகுப்பும் நான்தான் எடுக்கிறேன். "நோயாளிக்குப் போட்ட ஊசி தவறி உங்க கையில குத்தி, ரிப்போர்ட் பண்ணாம விட்டவங்க இருக்கீங்களா?" என்று கேட்டால் ஒரு கை எழும்பாது. முன்வரிசையில் நர்சிங் சூப்பிரண்டென்ட் மேடம் உட்கார்ந்திருப்பார். ஆனால் சாப்பாட்டு அறையில் இதே பிள்ளைகள், "ரத்தத்தப் பிதுக்கி விட்டுட்டு பிளாஸ்டர் ஒட்டிக்கிட்டேன்" என்று சாதாரணமாகப் பேசிக்கொள்கிறார்கள். கேட்கும்போதே எனக்கு வயிறு கலங்குகிறது. பதிவேடோ காலியாகக் கிடக்கிறது. மென்டிமீட்டர், ஸ்லைடோ மாதிரி போனில் பெயர் இல்லாமல் வாக்களிக்க வைத்தால் உண்மை வருமா? எப்படிக் கேட்பது? டூட்டியில் போன் லாக்கரில் இருக்க வேண்டும் என்பது எங்கள் விதி.

ஐடி_கோவை:
இரண்டிலும் பார்வையாளர் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. திரையில் வரும் எண்ணைப் போட்டால் போதும். கூகுள் ஃபார்ம் வைத்தால் மட்டும், மின்னஞ்சல் சேகரிக்கும் அமைப்பை அணைத்துவிட்டீர்களா என்று பாருங்கள். அது ஓடினால் யார் என்ன சொன்னார்கள் என்பது தெரிந்துவிடும்.

நர்சிங்_டியூட்டர்_மதுரை:
உண்மை வரும் சிஸ்டர். ஆனால் பிள்ளைகள் முதலில் யோசிப்பது "என்னைக் கண்டுபிடிக்க முடியுமா?" என்பதைத்தான். அதனால் எந்த வார்டு, எத்தனை வருஷ சர்வீஸ் என்று ஆரம்பிக்காதீர்கள். டயாலிசிஸில் நான்கே பேர் வேலை பார்க்கும் இடத்தில் வார்டைக் கேட்டாலே பாதிப் பெயர் தெரிந்துவிடும். சொந்தமாக எழுதும் பெட்டியும் வேண்டாம், நடையை வைத்தே தோழிகள் ஆளைச் சொல்லிவிடுவார்கள். எல்லோரும் வாக்களித்து முடியும்வரை முடிவைத் திரையில் மறைத்து வையுங்கள். இல்லையென்றால் முன்னால் போனவர்கள் அழுத்தியதையே பின்னால் வருபவர்களும் அழுத்துவார்கள். மேடத்திடம் மரியாதையாகப் பேசி, கடைசிப் பத்து நிமிஷம் மட்டும் வரச் சொல்லுங்கள்.

"குத்தியதா?" என்பதைவிட எனக்கு முக்கியமான கேள்வி அடுத்தது: "ஏன் சொல்லவில்லை?" நேரமில்லை, திட்டுவார்கள், நோயாளிக்குத் தொற்று ஒன்றுமில்லை என்று நினைத்தேன், யாரிடம் சொல்வதென்று தெரியவில்லை. இந்த நான்கையும் தெரிவாகக் கொடுங்கள். "திட்டுவார்கள்" உயர்ந்து நின்றால் நீங்கள் பேச வேண்டியது சிஸ்டர்களிடம் அல்ல, பொறுப்பாளர்களிடம். நான்காவது உயர்ந்தால் வார்டுச் சுவரில் ஒரு தாள் ஒட்டினாலே பாதி சரியாகும்.

முடிவு திரையில் வந்த அந்த நிமிஷத்தில்தான் எல்லோரும் காது கொடுப்பார்கள். பிதுக்கக் கூடாது, சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவ வேண்டும் என்பதை அப்போதே சொல்லுங்கள். எச்ஐவி உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம். தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி 30 சதவீதம்வரை போகும். பிள்ளைகள் எச்ஐவிக்கு நடுங்குவார்கள், ஹெபடைடிஸ் பி மூன்றாவது தவணையை மறந்திருப்பார்கள்!

பாடக் கேள்விகளுக்கும் இதே முறை நல்லது. "ஊசிக்கு மூடி திரும்பப் போடலாமா?" என்று கேளுங்கள். ஹார்வர்டில் எரிக் மஸூர் இயற்பியல் வகுப்பில் செய்ததுபோல, சரியாகச் சொன்னவர்கள் 30-க்கும் 70 சதவீதத்துக்கும் நடுவே இருந்தால் விடையைச் சொல்லாமல் பக்கத்தில் இருப்பவரோடு பேச விட்டு மறுபடி வாக்கெடுங்கள். நாம் சொல்வதைவிட, கூட வேலை செய்பவள் சொன்னால் மனசில் நிற்கும்.

தரப்பிரிவு_சென்னை:
எனக்கு உடன்பாடில்லை. நேற்று ராத்திரி குத்திக்கொண்ட ஒரு பெண் அங்கே உட்கார்ந்து பட்டனை அழுத்திவிட்டு வீட்டுக்குப் போய்விட்டால்? அவளுடைய பெயர் எனக்கு வேண்டும்.

நர்சிங்_டியூட்டர்_மதுரை:
நியாயமான பயம் சார். அதனால்தான் வாக்கெடுப்புக்கு முன்னாலேயே இதைச் சொல்லிவிட வேண்டும்: "மூன்று நாளுக்குள் குத்தியவர்கள் வகுப்பு முடியும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம், இப்போதே எழுந்து வெளியே வாருங்கள், கூட நான் வருகிறேன்." எச்ஐவி தொற்றாமல் காக்கும் தடுப்பு மருந்தை முடிந்தால் 2 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும், 72 மணி நேரம் தாண்டக் கூடாது, 28 நாள் சாப்பிட வேண்டும். போன் ஒலித்ததுபோல் எழுந்து போக வசதியாகக் கதவோரம் இடம் விடுங்கள். பதிவேடு பெயரோடுதான் இருக்க வேண்டும், அதில் மாற்றமில்லை. சொல்லப் பயந்த கை அதில் எழுதத் துணிவதற்காகத்தான் இந்த வாக்கெடுப்பு.

தொற்றுத்தடுப்பு_நெல்லை:
ரொம்ப நன்றி மேடம். போன் கொண்டுவர அனுமதி கிடைக்காவிட்டால்?

நர்சிங்_டியூட்டர்_மதுரை:
ஒரே அளவில் வெட்டிய தாள், எல்லோருக்கும் ஒரே மாதிரி பென்சில், டிக் மட்டும். மூடிய அட்டைப் பெட்டியில் போடட்டும், எண்ணுவதும் அவர்களில் இரண்டு பேர். மேலிடத்துக்கு மருத்துவமனை முழுவதுக்குமான மொத்த எண்ணிக்கையை மட்டும் கொடுங்கள். வார்டுவாரியாகப் பிரித்துக் கேட்டால், அப்படி நாங்கள் சேகரிக்கவே இல்லை என்று சொல்ல முடிய வேண்டும்.