பொங்கல் கரும்பும் டர்பன் கரும்பும்

செல்வி அத்தை: கரும்பு வாங்கியாச்சு. ஜோடி 100 ரூபா சொல்றான்!

முரளி (டர்பன், தென்னாப்பிரிக்கா): இதைப் பாருங்க அத்தை 📷 டர்பன்ல இருந்து வடக்க போனா ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் கரும்புதான்.

பெரியப்பா: நல்லா வளர்ந்து நிக்குதே. யாரு போட்டதுப்பா?

முரளி: இப்ப பண்ணைக்காரங்களும் கம்பெனிக்காரங்களும். ஆனா இந்தத் தொழில் நிமிர்ந்தது நம்ம ஆளுங்க கையால. 1860 நவம்பர் 16, ட்ரூரோங்கிற கப்பல் மெட்ராஸ்ல இருந்து 342 பேரைக் கொண்டாந்து இங்க இறக்குச்சு. 1911 வரைக்கும் ஒன்றரை லட்சத்துக்கு மேல.

அனு: அந்த ஊர்ல ஆளே இல்லையா அண்ணா?

முரளி: ஜூலு மக்களுக்கு நிலமும் மாடும் இருந்துச்சு. அற்பக் கூலிக்கு வருஷம் பூரா தோட்டத்துல குனிய அவங்க வரல. அடிமை முறையை பிரிட்டிஷ்காரன் ஏற்கெனவே ஒழிச்சாச்சு. அதான் 5 வருஷ ஒப்பந்தம். மாசம் 10 ஷில்லிங்.

பெரியப்பா: கரும்பு மத்த வெள்ளாமை மாதிரி இல்லம்மா அனு. வெட்டினா மறுநாளுக்குள்ள ஆலைக்குப் போகணும். காய விட்டா எடையும் போச்சு, சர்க்கரைச் சத்தும் போச்சு. ஆலை கொடுத்த கட்டிங் ஆர்டர் (வெட்டச் சொல்ற சீட்டு) கையில இருந்தும் ஆள் கிடைக்காம நான் ராத்திரியெல்லாம் தூங்காத வருஷம் உண்டு. வெள்ளைக்காரன் ஆளையே காகிதத்துல கட்டிப் போட்டுட்டான்.

முரளி: ஒப்பந்தம் முடிஞ்சவங்களையும் விடல பெரியப்பா. 1895ல சட்டம் போட்டான். ஊர் திரும்பாம இங்கேயே தங்கினா வருஷத்துக்கு 3 பவுண்டு வரி.

அனு: 60 ஷில்லிங்! 6 மாசக் கூலி!!

முரளி: ஆமா. கட்ட வழியில்லாதவங்க மறுபடி ஒப்பந்தத்துல கைநாட்டு வச்சாங்க. 1913ல சுரங்கத்துல வேலைநிறுத்தம் ஆரம்பிச்சு கரும்புத் தோட்டத்துக்கும் பரவுச்சு. அடுத்த வருஷம் வரி போச்சு. அன்னைக்குக் கரும்பு வெட்டுற கத்தியைக் கீழ போட்டவங்களைத் தேடணும்னா, கப்பல்ல வந்தவங்களை எழுதி வச்ச பதிவேட்டுலதான் தேடணும்.

செல்வி அத்தை: அதுல என்ன எழுதியிருக்கும்?

முரளி: நம்பர், பேரு, அப்பா பேரு, வயசு, சாதி, ஜில்லா, தாலுக்கா, ஊரு. கடைசிக் கட்டத்துல மச்சம், தழும்பு. ஆள் ஓடிப்போனா அடையாளம் காட்ட. அந்தக் கட்டத்துக்கு மேல என்னால படிக்க முடியல அத்தை.

செல்வி அத்தை: அடக் கடவுளே. அங்க நம்ம கோயில் ஏதாவது இருக்காடா?

முரளி: டர்பனுக்கு வடக்க மவுண்ட் எட்ஜ்கோம்ப்ங்கிற ஊர்ல மாரியம்மன் இருக்கா. திருவிழா புனித வெள்ளியில. தோட்டத்துல அன்னைக்குத்தான் லீவு விடுவாங்களாம்.

பெரியப்பா: முரளி, பதிவேட்டுல தென்னாற்காடு இருக்கா?

முரளி: இருக்கு பெரியப்பா.

பெரியப்பா: விழுப்புரம் தாலுக்கா பாரு. எங்க தாத்தாவோட சித்தப்பா ஒருத்தர் கரும்புச் சீமைக்குப் போனாருன்னு ஆயா சொல்லும். இடது புருவத்துல வெட்டுத் தழும்பு.

முரளி: சனிக்கிழமை போய்ப் பார்க்கிறேன்.