மறுமொழி: ‘இயல்பில் திறந்த முனை’ வேண்டாம், ‘சேரும் முனை’ என்போம்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஆர்கேட் (காசு போட்டு ஆடும் விளையாட்டு இயந்திர) கட்டுப்பாட்டுப் பலகையைத் தாமே செய்வோருக்கான வழிகாட்டியின் சொற்பட்டியலை முழுவதும் படித்தேன். பெரும்பாலான சொற்களில் எனக்கு மறுப்பில்லை. பொத்தான், குறியாக்கி (பொத்தான் அழுத்தங்களைக் கணினிக்குச் சொல்லும் சிறு மின்பலகை), சுருள்வில் எல்லாம் அப்படியே இருக்கட்டும். ஜாய்ஸ்டிக்கையும் ஜாய்ஸ்டிக் என்றே விடுவோம். நிலைத்துவிட்ட ஒரு சொல்லோடு மல்லுக்கட்டும் நேரத்தில், இன்னும் பெயரே இல்லாத பொருள்களுக்குப் பெயர் தேடலாம். ஆனால் இந்த ஒரு வரியை மட்டும் இப்படியே வெளியிடக் கூடாது என்று உறுதியாக நினைக்கிறேன்:

> மைக்ரோசுவிட்சின் மூன்று முனைகள்: பொதுமுனை, இயல்பில் திறந்த முனை, இயல்பில் மூடிய முனை.

மொழிபெயர்ப்பு என்ற அளவில் இதில் பிழை இல்லை. பாடநூல்களிலும் ‘திறந்த மின்சுற்று’, ‘மூடிய மின்சுற்று’ என்றுதான் படித்தோம். சிக்கல் ‘திற’ என்ற வினையில் இருக்கிறது. தமிழில் திறப்பது வழிவிடுவதற்கு. குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், மூடினால் நிற்கும். மின்சுற்றில் எல்லாம் நேர்மாறு: திறந்தால் ஓட்டம் நிற்கிறது, மூடினால் பாய்கிறது. இயற்பியல் படித்தவர் இதற்குப் பழகிவிடுகிறார். முதல்முறையாகக் கையில் கம்பியோடு உட்கார்ந்திருப்பவர் ‘திறந்த முனை’ என்று படித்ததும் மின்சாரம் போகும் முனை என்றுதான் எடுத்துக்கொள்வார். அவர் மீது குற்றமில்லை. அவருடைய மொழி அப்படித்தான் சொல்கிறது.

பொத்தானுக்கு அடியிலுள்ள அந்தச் சிறு சுவிட்சைக் கழற்றிப் பார்த்தால் நான் சொல்ல வருவது இன்னும் தெளிவாகும். உள்ளே மெல்லிய உலோகத் தகடு ஒன்று இருக்கிறது. அதன் ஒரு நுனி பொதுமுனையோடு சேர்ந்தே இருக்கும். மறு நுனி இரண்டு தொடுபுள்ளிகளுக்கு நடுவே ஆடுகிறது. விரல் படாத நேரத்தில் வில்லின் இழுப்பால் மேல்புள்ளியைத் தொட்டுக்கொண்டிருக்கும். பொத்தான் அமுங்கும்போது தகடு ஒரு கட்டம் வரை பொறுத்திருந்து, ‘டக்’ என்று கீழ்ப்புள்ளிக்குத் தாவும். ஆர்கேட் பொத்தானில் நாம் கேட்கும் ஓசை அந்தத் தாவல்தான். மேல்புள்ளியிலிருந்து வரும் முனைதான் ‘இயல்பில் மூடியது’, கீழ்ப்புள்ளியிலிருந்து வருவது ‘இயல்பில் திறந்தது’. கட்டுப்பாட்டுப் பலகைக்கு நமக்குத் தேவை இரண்டாவது.

மாற்றி இணைத்தால் என்ன ஆகும்? குறியாக்கியின் ஒவ்வொரு உள்ளீடும் உள்ளேயுள்ள மின்தடை ஒன்றின் வழியாக உயர் மின்னழுத்தத்தில் நிறுத்தப்பட்டிருக்கும். அதைப் பொதுவோடு, அதாவது சுழிய மின்னழுத்த வழியோடு, சேர்த்தால் மின்னழுத்தம் இறங்கும்; அந்த இறக்கத்தையே குறியாக்கி ‘அழுத்தப்பட்டது’ என்று எடுத்துக்கொள்கிறது. தவறான முனையில் கம்பியை மாட்டியவருக்குக் கணினியின் சோதனைத் திரையில் அந்தப் பொத்தான் எப்போதும் அழுத்தப்பட்டதாகவே தெரியும், அழுத்தினால் விடுபடும். குறியாக்கி கெட்டுவிட்டது என்று நினைத்துப் புதிதாக ஒன்று வாங்குகிறவர்கள் உண்டு. கம்பி நுனியிலுள்ள லக்கை (செருகும் உலோகத் துண்டை) கழற்றிப் பக்கத்து முனையில் செருகினால் தீர்ந்துபோகிற சிக்கல் அது.

எனவே என் முன்மொழிவு: முனை ஓய்வில் எப்படி இருக்கிறது என்பதைச் சொல்லாமல், அழுத்தும்போது என்ன செய்கிறது என்பதைப் பெயராக்குவோம். அழுத்தினால் பொதுமுனையோடு சேர்வது ‘சேரும் முனை’. அழுத்தினால் பொதுமுனையிலிருந்து பிரிவது ‘பிரியும் முனை’. ‘இயல்பில்’ என்ற அடைமொழியே தேவைப்படாது. செயலைக் கொண்டு பெயரிடுவது புது வழக்கமும் அல்ல. ஜெர்மானியர்கள் இந்த இரண்டையும் ‘மூடுவது’, ‘திறப்பது’ என்று பொருள்படும் ஷ்லீசர், ஓஃப்னர் என்ற பெயர்களால்தான் அழைக்கிறார்கள். ஓய்வுநிலை அந்தப் பெயர்களில் இல்லவே இல்லை.

முந்தைய மடலில் ஒரு நண்பர் ‘சேர்முனை’, ‘பிரிமுனை’ என்று சுருக்கலாமே என்று கேட்டிருந்தார். காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. கலைச்சொல் ஆக்குகிற நம் எல்லோருக்கும் வினைத்தொகை மீது தனிப் பற்று உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் வினைத்தொகை முக்காலத்தையும் தன்னுள் மறைத்து வைத்திருக்கிறது. ஆடுகளம் என்றால் ஆடிய களம், ஆடுகின்ற களம், ஆடும் களம் மூன்றுமே பொருந்தும். அங்கே அது அழகு. ‘சேர்முனை’யைச் ‘சேர்ந்த முனை’ என்று ஒருவர் விரித்துவிட்டால் அவர் பிடிப்பது பிரியும் முனையை. காலமே முழுப் பொருளும் ஆகிற இடத்தில் காலத்தை மறைக்கும் தொகை உதவாது. ஓர் இடைவெளியும் ஓர் எழுத்தும் கூடினாலும் ‘சேரும்’ என்றே எழுதுவோம்.

இன்னொரு நண்பர் எழுப்பிய ஐயம் கனமானது:

> பொத்தானுக்குச் சரி. ரிலேயில் யாரும் எதையும் அழுத்துவதில்லையே?

அங்கேயும் பொருந்துகிறது. ரிலே என்பது மின்காந்தச் சுருளால் இயங்கும் சுவிட்ச். அந்தச் சுருளுக்கு மின்சாரம் கொடுத்தால் சேரும் முனை சேரும், பிரியும் முனை பிரியும். ‘இயக்கினால்’ என்று வரையறையில் ஒரு சொல்லைப் பொதுவாக வைத்தால் போதும். அவசர நிறுத்தப் பொத்தான்களுக்கு இந்தப் பெயர்கள் இன்னும் நன்றாகப் பொருந்துகின்றன. அவற்றில் வேண்டுமென்றே பிரியும் முனையைப் பயன்படுத்துகிறார்கள். கம்பி அறுந்தாலும் பொத்தானை அழுத்தியதற்குச் சமமாகி இயந்திரம் நின்றுவிட வேண்டும் என்பதே காரணம். ‘இயல்பில் மூடிய’ என்ற பெயரை வைத்துக்கொண்டு இதை விளக்க ஒரு பத்தி வேண்டும். ‘பிரியும் முனை’ என்றால் பாதி விளக்கம் பெயரிலேயே வந்துவிடுகிறது.

ஜப்பானிய வகைப் பொத்தான்கள் பலவற்றில் இரண்டே முனைகள்தான் இருக்கும், எந்தக் கம்பியை எதில் மாட்டினாலும் வேலை செய்யும். வழிகாட்டியில் இதையும் ஒரு வரியில் சேர்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வாசகர் மூன்றாவது முனையைத் தேடிக்கொண்டிருப்பார்.

அடுத்து ‘புவி இணைப்பு’. பட்டியலில் இதைப் பார்த்ததும் பதறினேன். குறியாக்கியில் GND என்ற எழுத்துகளால் குறிக்கப்படுவது சுழிய மின்னழுத்தப் பொதுவழி மட்டுமே. சுவரிலுள்ள மூன்று முனைச் செருகியின் புவிக்கம்பி அது அல்ல. ‘புவி’ என்று எழுதினால் யாராவது ஒருவர் சுவரை நோக்கிக் கம்பி இழுப்பார். ‘பொதுக்கம்பி’ என்பதே பாதுகாப்பான சொல். 1985இல் ஜப்பானில் வகுத்த 56 முனைகள் கொண்ட, ஆர்கேட் இயந்திரங்களுக்கான ஜம்மா இணைப்பிலும் பொத்தான்கள், ஜாய்ஸ்டிக் எல்லாமே பொதுவுக்குத்தான் திரும்புகின்றன.

அந்தப் பொதுக்கம்பியைப் பொத்தானுக்குப் பொத்தான் தாவவிட்டுக் கட்டுவதைத் ‘தொடரிணைப்பு’ என்று எழுதியிருப்பதையும் மாற்ற வேண்டும். கண்ணுக்குத் தொடராகத் தெரிந்தாலும் மின்னியலில் அது தொடரிணைப்பு அல்ல. ஒவ்வொரு சுவிட்சும் தன் உள்ளீட்டுக்கும் பொதுவுக்கும் நடுவே தனியாக நிற்கிறது. ஒன்றை அழுத்தாவிட்டாலும் மற்றது வேலை செய்யும். ‘பொதுச்சரம்’ என்பது என் பரிந்துரை. சரம் நடுவில் அறுந்தால் அதற்கு அப்பாலுள்ள பொத்தான்கள் எல்லாம் ஒரேயடியாகச் செத்துவிடும் என்பதால், கடைசிப் பொத்தானிலிருந்து இன்னொரு கம்பியைக் குறியாக்கிக்கே திருப்பி வளையமாக்குவது நல்லது.

ஜாய்ஸ்டிக்கில் கோலின் ஆட்டத்துக்கு எல்லை வகுக்கும் அடித்தகட்டுக்கு ‘வாயில்’ என்று போட்டிருக்கிறோம். இலக்கமுறை மின்னணுவியலில் தர்க்க வாயில்கள் ஏற்கெனவே அந்தப் பெயரோடு உட்கார்ந்திருக்கின்றன. தவிர, அந்தத் தகடு எதையும் உள்ளே விடுவதில்லை, வரம்பு கட்டுகிறது. ‘வரம்புத் தகடு’ என்றால் அதன் வேலை விளங்கும். சதுர வரம்புத் தகடு, எண்கோண வரம்புத் தகடு என்று வகை பிரிப்பதும் எளிது. 1980இல் வந்த பேக்-மேன் போன்ற நான்கு திசை ஆட்டங்களுக்கு மூலைவிட்டத் திசைகள் இடைஞ்சல். சில ஜாய்ஸ்டிக்குகளில் அதே சதுரத் தகட்டை 45 பாகை திருப்பிப் பூட்டினால் அவற்றைத் தவிர்த்துவிடலாம்.

ஜாய்ஸ்டிக் சுவிட்சுகளுக்கும் செயலைக் கொண்டே பெயரிட வேண்டும். கோல் நடுவில் ஒரு புள்ளியை மையமாகக் கொண்டு சாய்வதால், மேல்நோக்கித் தள்ளினால் அடிப்பகுதி கீழ்ப்பக்கம் போய் அங்குள்ள சுவிட்சை அமுக்குகிறது. ‘மேல் சுவிட்ச்’ என்று படத்தில் எழுதினால் அது இருக்கும் இடமா, தரும் திசையா என்று தெரியாது. ‘மேல்திசைச் சுவிட்ச்’ என்றால் குழப்பமில்லை.

பொத்தான் வகைகளுக்குக் ‘கவ்வுப் பொத்தான்’, ‘மரைப் பொத்தான்’ என்ற சொற்கள் அருமையாக அமைந்திருக்கின்றன, முன்மொழிந்தவருக்கு நன்றி. வரையறையில் பலகையின் தடிமனையும் சேருங்கள். கவ்வுப் பொத்தானின் காதுகள் மெல்லிய தகட்டுக்கானவை, 18 மி.மீ. எம்.டி.எஃப். (அழுத்திய மர இழை) பலகையில் பிடிக்காது, அங்கே மரைப் பொத்தான்தான் சரி. துளை ஜப்பானிய வகைக்கு 30 அல்லது 24 மி.மீ., அமெரிக்க வகைக்கு ஏறத்தாழ 28.6 மி.மீ. லக்குகளும் வேறு வேறு: முன்னதற்குப் பெரும்பாலும் 2.8 மி.மீ., பின்னதற்கு 4.8 மி.மீ.

கடைசியாக, தீராமல் நிற்கும் ஒன்று. தொடுபுள்ளிகள் சேரும்போது ஒரேயடியாகச் சேராமல் சில மில்லிநொடிகள் தொட்டும் விட்டும் ஆடுவதைத் ‘துள்ளல்’ என்பதில் எல்லோரும் உடன்பட்டுவிட்டோம். குறியாக்கியின் நிரல் அதைக் கையாளும் முறைக்குத் ‘துள்ளல் நீக்கம்’ என்ற சொல் எனக்கு நிறைவளிக்கவில்லை. நிரல் எதையும் நீக்குவதில்லை, தகடு துள்ளிக்கொண்டேதான் இருக்கிறது. கையாளும் விதமும் இரண்டு. துள்ளல் அடங்கும் வரை காத்திருந்து சேதி சொல்வது ஒன்று; அதில் தாமதம் கூடும். முதல் தொடுகையிலேயே சேதி சொல்லிவிட்டு, அதன்பின் சில மில்லிநொடிகளுக்குக் கண்டும் காணாமல் இருப்பது மற்றொன்று. சண்டை ஆட்டம் ஆடுவோர் விரும்புவது இரண்டாவதை. ‘துள்ளல் காத்தல்’, ‘துள்ளல் பொறுத்தல்’ என்று இரண்டுக்கும் தனிப் பெயர் வைக்கலாமா, அல்லது இரண்டையும் தழுவும் ஒரே சொல் வேண்டுமா? குறியாக்கிக்கு நிரல் எழுதிப் பழகியவர்கள் இந்த இழையில் தங்கள் கருத்தை எழுதுங்கள். அதுவரை அந்தப் பதிவை மட்டும் ‘ஆய்வில்’ என்று குறித்து நிறுத்தி வைத்துவிட்டு, மற்றவற்றை வழிகாட்டியில் ஏற்றத் தொடங்கலாம்.

அன்புடன்.