மல்டி-கோருக்குத் தமிழ்: பல்கருவா, பல்லகமா?

> 'பல்கருச் செயலி' போதுமே, இதற்கு ஏன் இவ்வளவு பேச்சு?

போதாது ஐயா. ஒரே செயலிக்குள் பல கணக்கிடும் அலகுகள், அதாவது கோர்கள், இருப்பதுதான் மல்டி-கோர்; அந்தக் கோரைத்தான் கரு என்கிறீர்கள். ஆனால் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்குக் கரு, கருனி என்று லினக்ஸ் பக்கம் ஏற்கெனவே புழங்கிவிட்டோம். 'கரு ஒவ்வொரு கருவுக்கும் வேலை பிரித்துக் கொடுக்கும்' என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள், தலை சுற்றும். உள்ளகமும் சரிவராது, இலங்கையில் 'உள்ளகக் கணக்காய்வு' என்று அது வேறு வேலையில் இருக்கிறது. என் ஓட்டு 'அகம்': ஈரகம், எட்டகம், பல்லகம்.

ஆனால் சொல்லைவிட வரையறைதான் சிக்கல், ஏனென்றால் விற்பவர்களே ஆளுக்கொரு கணக்கு வைத்திருக்கிறார்கள். 2006 கடைசியில் செயலி தயாரிக்கும் இன்டெல் இரண்டு ஈரகச் சில்லுகளை ஒரே உறைக்குள் வைத்து நாலகம் என்று விற்றது. இதெல்லாம் உண்மையான நாலகமா என்று கேலி பேசிய போட்டி நிறுவனம் ஏஎம்டி, 2007-இல் நாலையும் ஒரே சில்லில் கொண்டுவந்தது. அப்புறம் 2017-இல் அதே ஏஎம்டியின் எபிக் செயலியைப் பார்த்து, நாலு சில்லுகளைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள் என்று இன்டெல் சொன்னது! ஆகவே சில்லு வேறு, அகம் வேறு என்பதை அகராதியிலேயே போட்டுவிட வேண்டும்.

இன்னும் ருசியான வழக்கு 2011-இல் வந்த ஏஎம்டி எஃப்எக்ஸ் செயலி. எட்டு அகம் என்றார்கள், உள்ளே பார்த்தால் நாலு கூறு. ஒவ்வொரு கூறிலும் முழு எண் கணக்குக்கு மட்டும் இரண்டு தனி அலகுகள், நிரலின் ஆணையை எடுத்துப் பிரித்தறிவதும் மிதவைப் புள்ளிக் (தசம எண்) கணக்கும் பொது, ஒரே அடுப்படியில் இரண்டு ஓரகத்திகள் மாதிரி. (ஒற்றை அகத்துக்கு 'ஓரகம்' என்றால் இந்தச் சிரிப்பும் இலவசம்.) எட்டு அகம் என்றது பொய் விளம்பரம் என்று 2015-இல் கலிபோர்னியாவில் வழக்கு, 2019-இல் 1.21 கோடி டாலரில் சமரசம்.

அதற்காக மிதவைப் புள்ளி அலகை அளவுகோலாக வைத்துவிடாதீர்கள். சன் நிறுவனம் 2005-இல் விட்ட அல்ட்ராஸ்பார்க் டி1-இல் எட்டு அகத்துக்கும் சேர்த்து அது ஒன்றுதான். ஆனாலும் அது எட்டு அகமில்லை என்று சொல்ல முடியாது, ஒவ்வொன்றும் தன் ஆணையைத் தானே எடுத்து, பிரித்தறிந்து, முடிக்கிறது. 2006-இல் ஓப்பன்ஸ்பார்க் என்ற பெயரில் அதன் வடிவமைப்பை விவரிக்கும் வெரிலாக் நிரலை ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டார்கள், யார் வேண்டுமானாலும் திறந்து எண்ணிக்கொள்ளலாம். அதுவும் விளம்பரம்தான், இருந்தாலும் இன்டெலும் ஏஎம்டியும் அந்த அளவுக்குக்கூடத் திறக்கவில்லை.

எனவே என் வரையறை: 'அகம் – ஆணையைத் தானே எடுத்து, பிரித்தறிந்து, நிறைவேற்றும் அலகு'. இதன்படி டி1 எட்டகம், எஃப்எக்ஸ் நாலகம். அகத்தில் ஓடும் ஆணைத் தொடரான திரெடுக்கு 'இழை' இருக்கவே இருக்கிறது. 'நாலகம்' அவசரத்தில் நூலகமாகத் தெரியும் என்பது நியாயமான புகார்தான், ஆனால் 'நான்ககம்' வாயில் நுழையவில்லை. வேறு இருந்தால் சொல்லுங்கள்.